கையை மறைத்த எழுத்து

கீனா உள்ளே வந்த வேகத்தில் போனை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அறைந்தாள் என்பதுதான் சரி.

“அண்ணே, இந்த எழுத்தை எடுத்துக் குடுங்க.”

பிராப்தோ கணினியிலிருந்து திரும்பினான். திரையில் எவனோ ஒருவனுடைய மணப்பெண் பாதிச் சிரிப்பில் உறைந்து நின்றாள். கல்யாண சீசன். ஜாவாவில் சோலோ நகரத்தைச் சுற்றியுள்ள அத்தனை கிராமத்துக் கல்யாண வீடியோவும் அவன் தலையில்தான் விழுந்திருந்தது.

“எந்த எழுத்தும்மா?”

“எந்த எழுத்தா? ஊரே பார்த்துக் காறித் துப்புதே, அந்த எழுத்து. எங்க அக்கா நெஞ்சு மேல பலகை அடிச்ச மாதிரி அடிச்சு வச்சிருக்கீங்களே, அது.”

போனில் ஓடிய வீடியோவில் ஒரு பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தாள். புருவம் கருகிப்போயிருந்தது. உதட்டு வெடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை. பட்டையில் வெள்ளை எழுத்து இரண்டு வரி: ‘பின் கதவை நான்தான் பூட்டினேன். எனக்குக் காது கேட்காது. என் மேல் தப்பில்லை.’

 அது பிராப்தோ செய்த வேலை. அவள் துமிரா. கைலி நெய்யும் மில்லில் தீப்பிடித்து, பின் கதவு பூட்டியிருந்ததால் பதினொரு பேர் அந்தக் கதவோரமே கரிக்கட்டையாகிப்போனார்களே, அந்த மில்லின் தொழிலாளி. பிறவியிலேயே காது கேட்காதவள், பேச்சு வராதவள். வெந்த உடம்போடு சில நாள் கிடந்து அவளும் போய்ச் சேர்ந்தாள்.

“நான் அவ தங்கச்சி. அதோ நிக்கிறாரே, அவரு அத்தான்.”

வாசலில் ஒருவன் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி உள்ளே வராமல் நின்றான். அவனை பிராப்தோவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். மில்லின் பின்பக்கத்துக் காவலாள் கஸ்மூரி. அவனுக்கும் காது கேட்காது. புகையைப் பார்த்துவிட்டு அந்தக் கதவைத் திறந்து, நெருப்புக்குள் புகுந்து நான்கு பேரை இழுத்துப் போட்டவன். அதில் ஒருத்தி அவன் பெண்டாட்டி. ‘அவ பூட்டினதை அவன் திறந்தான்’ என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அவனைக் கண்டால் தோளில் தட்டி, இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டாயே என்று உச்சுக் கொட்டினார்கள்.

அந்தப் படம் பிராப்தோவிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். மில்லின் எழுத்தர் ஒருவன் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரியில் கம்பெனி ஆட்கள் போனில் பிடித்த படம். நகரத்திலிருந்து சைகைமொழி படித்த ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய், துமிரா சொல்வதைப் பார்த்து எழுதச் செய்திருந்தார்கள். அந்த வரிகளைப் படத்தில் போட வேண்டும். எழுத்தர் போட்ட நிபந்தனைகள் மூன்று. எந்தப் போனிலும் ஓட வேண்டும், எழுத்து அழியக் கூடாது, படம் கெடக் கூடாது.

எழுத்தைத் தனிக் கோப்பாகப் படத்தோடு அனுப்பலாம்தான். ஆனால் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவும்போது அது வழியிலேயே உதிர்ந்துபோகும். படத்தோடு படமாகப் பதித்துவிட்டால் எங்கே போனாலும் கூடவே போகும். அதில் ஒரு தொல்லை உண்டு. பதிக்கும்போது கணினி படம் முழுவதையும் மறுபடி எழுதுகிறது. அவசரக்காரன் கையில் கொடுத்தால் மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. பிராப்தோ அவசரக்காரன் இல்லை. கணினியை மெதுவாக, ஒரு பகல் முழுக்க ஓடவிட்டு, அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாதபடி எடுத்துக் கொடுப்பான். படம் மங்கினால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று வாடிக்கைக்காரர்களிடம் சவால் விடுவது அவன் வழக்கம். இதுவரை பேரை மாற்றிக்கொள்ள வேண்டி வரவில்லை.

இந்தப் படத்திலும் மங்கவில்லை. ஆனால் போர்வை வெள்ளை, கட்டு வெள்ளை, எழுத்தும் வெள்ளை. படிக்க முடியவில்லை. அதனால் எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை போட்டான். வரி இரண்டு என்பதால் பட்டை தடித்தது. எப்போதும் போல அடியில் வைத்தான். அடியில் இருந்தவை துமிராவின் நெஞ்சும் கைகளும். துணி சுற்றிய, சீழ் கசிந்த கைகள். அவை மறைந்தது நல்லதுதான் என்றுகூட நினைத்தான். பார்க்கிறவர்களுக்குச் சங்கடம் இருக்காதே.

படித்த முட்டாள், படிக்காத முட்டாள் என்று இரண்டு வகை சொல்வார்கள். வேலை தெரிந்த முட்டாள் என்று மூன்றாவது வகையையும் சேர்த்துக்கொள்ளலாம். வாயில்லாதவள் பேசுகிற படத்தில் கையை மறைத்தவனை வேறு என்னவென்று சொல்வது?

கம்பெனி அந்தப் படத்தைப் போலீசுக்குக் கொடுத்தது, தொழிலாளர் அலுவலகத்துக்குக் கொடுத்தது. அங்கிருந்து யார் அவிழ்த்துவிட்டார்களோ, ஒரே நாளில் ஊரில் இருக்கிற ஒவ்வொரு போனுக்குள்ளும் புகுந்துவிட்டது. படம் அவ்வளவு தெளிவு. பெரிய திரையில் போட்டாலும் ஒரு மயிரிழை கலங்காது. கோபப்படுவதற்கும் படம் தெளிவாக இருக்க வேண்டும் போலிருக்கிறது. “பூட்டினதும் இல்லாம தப்பில்லைன்றா பாரு” என்று பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். பூட்டினவள் ஒரு தொழிலாளியே என்றானதும் மில்காரன் மேல் இருந்த பேச்சு தானாக அடங்கியது. துமிரா இறந்தபோது தூக்க ஆள் போதவில்லை. ஏழாம் நாள் பாத்திஹா ஓத லெப்பையும் காது மந்தமான இரண்டு கிழவர்களும்தான் வந்தார்கள்.

“எடுக்க முடியாதும்மா” என்றான் பிராப்தோ.

“ஏன் முடியாது? போட்டது நீங்கதானே?”

“போட்டது நான்தான். இது ஒட்டின தாள் இல்லம்மா, உரிச்சு எடுக்க. எழுத்து இருக்கிற எடத்துல படமே கிடையாது. அந்த எடத்துப் புள்ளியெல்லாம் எழுத்தாவும் கறுப்பாவும் மாறிப்போச்சு. சுரண்டினாலும் கீழ ஒண்ணும் இருக்காது.”

“பெரிய பெரிய மிஷின் எல்லாம் வந்திருக்காமே, மறைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் குடுக்குதாமே?”

“கண்டுபிடிக்காது, கற்பனை பண்ணும். உங்க அக்கா கை இருக்காது அதுல. எவளோ ஒருத்தி கை இருக்கும்.”

“அப்ப அசல் படத்தைக் குடுங்க.”

பிராப்தோ தலையைக் குனிந்துகொண்டான். “அழிச்சுட்டேன். வேலை முடிஞ்சா அழிச்சுடுவேன். இந்த மாசக் கல்யாணத்துக்கே இடம் இல்ல.”

“மில்லுல கேட்டா படம் பிடிச்ச போன் தண்ணில விழுந்துடுச்சுன்றான். நீங்க அழிச்சுட்டேன்றீங்க. நல்லா இருக்குண்ணே. அவ பேசின பேச்சு மொத்தமும் போச்சு, நீங்க போட்ட ரெண்டு வரி மட்டும் சாகாம நிக்குது.”

வாசலில் நின்ற கஸ்மூரி கையை அசைத்தான். போகலாம் வா என்பது பிராப்தோவுக்கே புரிந்தது. கீனா அவனைப் பார்த்துக் கைகளை வெடுக் வெடுக்கென்று வீசினாள். வீசும்போது வாயும் சேர்ந்து பேசியது.

“இருங்க அத்தான்! வந்ததுலேர்ந்து போலாம் போலாம்ன்னு. பொண்டாட்டி பேரு நாறிக் கிடக்குது, உங்களுக்கு என்ன அவசரம்?” பிறகு பிராப்தோவிடம் திரும்பினாள். “இப்படித்தாண்ணே. விடு, எழுத்து போட்டாச்சு, இனிமே ஒண்ணும் ஆகாதுன்னே சொல்லிக்கிட்டிருக்காரு. வீட்டுல சோறு எறங்கல அவருக்கு. என்னாலதான் விட முடியல.”

“உங்க அக்கா அப்படிச் சொல்லலைன்னு எப்படி இவ்வளவு உறுதியா இருக்கே?”

“பூட்டினேன்னு சொல்லியிருந்தாக்கூட நம்புவேன். ‘என் மேல தப்பில்ல’ன்னு அவ சொல்லவே மாட்டா. கை தவறி ஒரு தட்டு விழுந்தா அடுத்த வீட்டுக்காரி தூக்கம் கெட்டிருக்கும்னு போய் மன்னிப்புக் கேக்கிறவ. சத்தம் எவ்வளவுன்னு அவளுக்கே தெரியாது பாருங்க, அதனால எல்லாத்துக்கும் பயம்.” கீனா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அந்த டவுன் பொண்ணு புத்தகத்துல சைகை படிச்சவ. எங்க ஊர்ல காது கேக்காதவங்க தங்களுக்குள்ள பேசிக்கிறது வேற. அவளுக்குப் பாதி புரிஞ்சிருக்காது. அக்கா கையை ஒரு தடவை நான் பார்த்துட்டா சொல்லிடுவேன். நானும் அவளும் பேச ஆரம்பிச்சதே கையாலதான்.”

பிராப்தோ நாற்காலியில் நெளிந்தான். சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தது. சொன்னான்.

“நான் பார்த்தேம்மா அந்தக் கையை.”

“எப்ப?”

“எழுத்துப் போடுறப்ப. வழக்கமா பேசுற குரலை வச்சுத்தான் எழுத்தைப் போடுவோம். வாய் திறக்கிறப்ப வரணும், மூடினதும் போகணும். இந்தப் படத்துல ஃபேன் சத்தத்தைத் தவிர ஒண்ணும் இல்ல. அதனால கையை வச்சுப் போட்டேன். கை எழும்பினா எழுத்து, இறங்கினா அடுத்த எழுத்து. அந்தக் கையை முன்னாடி ஓட்டி, பின்னாடி ஓட்டி, எத்தனை தடவை பார்த்தேன்னு கணக்கே இல்ல. அதுக்கப்புறம்தான் பட்டையைப் போட்டேன்.”

கீனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கையைப் பார்த்துப் பார்த்து எழுத்தை ஓட்டிவிட்டு அந்தக் கையையே மூடியவனைத் திட்டுவதா என்று யோசித்தாள் போலும். திட்டவில்லை.

“ஞாபகம் இருக்கா?”

“கண்ணை மூடினா ஓடுது. என்ன அர்த்தம்னுதான் தெரியாது.”

“அர்த்தம் என் பாடு. நீங்க செஞ்சு மட்டும் காட்டுங்க.”

பிராப்தோவுக்கு இதில் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது என்றால் நம்ப வேண்டும். தொழில் புத்தி அப்படி. நாற்காலியைச் சாய்த்து, கட்டிலில் கிடப்பவள் மாதிரி உடம்பைத் தளர்த்தினான். இடது கையை மடியில் அப்படியே போட்டான், அது துணி சுற்றி அசையாமல் கிடந்த கை. வலது கையில் கட்டுக்கு வெளியே இருந்தவை இரண்டே விரல்கள். மற்ற விரல்களை மடக்கிக்கொண்டான்.

இரண்டு விரலால் தோளுக்குப் பின்னால் காட்டினான். உள்ளங்கையைச் செங்குத்தாக நிறுத்தினான். மணிக்கட்டைத் திருகினான். அது சாவி என்று அவனுக்கே விளங்கியது. பிறகு விரல்களை நெஞ்சுக்குக் கொண்டுவந்து இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே தட்டினான்.

“நில்லுங்க” என்றாள் கீனா. அவள் குரல் மாறியிருந்தது. “கடைசியா செஞ்சது. மறுபடி.”

மறுபடி செய்தான்.

“நடு நெஞ்சுல ஒரு தடவை தொட்டாளா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே.”

“இல்லம்மா, இங்கதான். ரெண்டு தட்டு. முதல் தட்டுலயே எழுத்தை விட்டேன், ‘நான்தான்’ங்கிற சொல்லு முந்திக்கிச்சு. அப்புறம் ரெண்டாவது தட்டுக்குத் தள்ளி வச்சேன். அதனால நல்லா ஞாபகம் இருக்கு.”

“மேல செய்ங்க.”

காதைத் தொட்டு விரல்களை மூடினான். இது ‘காது கேட்காது’. அதன் பிறகு ‘தப்பில்லை’ என்ற சொல்லுக்குக் கையைத் தட்டையாக்கி மெதுவாக இடமும் வலமும் ஆட்டினான். கடைசியில் மறுபடி அதே இடத்தில் இரண்டு தட்டு.

“இந்தத் தட்டு மட்டும் மெதுவா இருக்கும். பிள்ளையைத் தூங்க வைக்கத் தட்டுவோமே, அப்படி” என்று சொல்லிவிட்டு, எப்படி என்பதுபோல நிமிர்ந்தான்.

தலைக்கவசம் தரையில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்துக்குத் திரும்பியவர்கள் பிராப்தோவும் கீனாவும் மட்டும்தான். கஸ்மூரி எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. மேசைக்கு இரண்டு முழம் தள்ளி நின்று பிராப்தோவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பேயைப் பார்த்தவன் முகம்கூட அப்படி இருக்காது. அவன் பெண்டாட்டி அவன் எதிரில் வந்து பேசிவிட்டுப் போயிருந்தாள், யாரோ ஒரு கல்யாண வீடியோக்காரன் கையில்.

“என்னம்மா? நான் தப்பா ஏதும்…”

“தப்பா செய்யலண்ணே.” கீனா எழுந்து போனாள். கஸ்மூரியின் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பில் பொத்தானைப் பிய்த்தாள். இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே பழைய தழும்பு ஒன்று பளபளப்பாக இருந்தது. “சின்ன வயசுல வடைச்சட்டி எண்ணெய் தெறிச்சது. காது கேக்காதவங்க பேரைக் கூப்பிட முடியாதில்ல? ஆளுக்கு ஒரு அடையாளம் வச்சுக்குவாங்க. நடு நெஞ்சைத் தொட்டா ‘நான்’. இங்க ரெண்டு தட்டினா அது ‘நான்’ இல்ல. அது இவரு பேரு.”

பிராப்தோ மேசையில் கிடந்த போனைப் பார்த்தான். அந்த இரண்டு வரியை அவன் மனசுக்குள்ளேயே மாற்றிப் படித்தான். பின் கதவை கஸ்மூரிதான் பூட்டினார். அவருக்குக் காது கேட்காது. அவர் மேல் தப்பில்லை.

செத்துக்கொண்டிருந்தவள் மிச்சமிருந்த இரண்டு விரலால் புருஷனுக்காகக் கெஞ்சியிருக்கிறாள். அதைத்தான் ஊர் காறித் துப்பியது.  எழுதியவள் அந்த நகரத்துப் பெண்தான், அவளுக்கு இந்த ஊர்ப் பேர்கள் தெரியாது, சரி. கை மட்டும் வெளியே தெரிந்திருந்தால் ஊரில் ஒருத்தராவது, இந்தக் கீனாவாவது அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாள்.

கீனா கஸ்மூரியை அறைந்தாள். கன்னத்தில் ஒன்று, தோளில், நெஞ்சில், எங்கே விழுகிறது என்று பார்க்காமல் அறைந்தாள். அவன் தடுக்கவில்லை. கை ஓய்ந்ததும் அவனே கைகளைத் தூக்கினான். பேச ஆரம்பித்தான். அவள் அழுதுகொண்டே அதைப் பிராப்தோவுக்குச் சொன்னாள். சொல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பழக்கம், கை பேசினால் அவள் வாய் பேசிவிடும்.

“மேஸ்திரி கையைத் திருகிக் காட்டிப் பூட்டச் சொன்னாராம். கைலி திருட்டுப் போகுதுன்னு. அதனால பூட்டினேன்றாரு. பூட்டிட்டு அந்தச் சுவத்துல முதுகைச் சாய்ச்சு உட்கார்ந்து கிராம்பு சிகரெட் குடிச்சுக்கிட்டு இருந்தாராம்.” அவள் நின்றாள். கஸ்மூரி தன் முதுகைத் தொட்டுக் காட்டினான். கையை அதிர வைத்துக் காட்டினான். “முதுகுல அதிர்ந்துச்சாம் அண்ணே. உள்ள இருந்து கதவை இடிச்சிருக்காங்க, எல்லாரும் சேர்ந்து. சுவரு அதிர்ந்திருக்கு. தறி ஓடுற அதிர்வுன்னு நினைச்சுட்டேன்றாரு. தினமும் அதிருமாம். தறி ஓடுதுன்னு நினைச்சு இன்னொரு சிகரெட்டைப் பத்த வச்சாராம்.”

 

“அப்பவே ஏன் சொல்லல?” கீனா வாயாலும் கையாலும் கேட்டாள். “பதினஞ்சு வருஷம் கூட வாழ்ந்தவ மேல ஊரே சேத்தை வாரி எறிஞ்சப்ப உங்க கை என்ன பண்ணுச்சு?”

 அவன் மேசைமேல் கிடந்த போனைக் காட்டினான். எழுத்தைத் தொட்டான்.

“எழுத்தை நம்பினாராம்” என்றாள் கீனா. “எனக்காக அவ பழியைத் தூக்கிக்கிட்டான்னு நினைச்சேன்றாரு. அவ ஆசைப்பட்டுச் செஞ்சதை நான் கெடுக்கக் கூடாதுன்னு இருந்தேன்றாரு. அது மட்டும் இல்லையாம்… பயமாவும் இருந்துச்சாம்.”

அது வரை நியாயம் என்று ஒன்றை அவன் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். பெண்டாட்டி தனக்காகப் பொய் சொன்னாள், தான் அதைக் காப்பாற்றுகிறோம் என்று. அவள் பொய்யே சொல்லவில்லை. உண்மையைச் சொல்லி, இவனை விட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். இனி அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

கஸ்மூரி நாற்காலியை இழுத்தான். பிராப்தோ மணமக்களை உட்கார வைத்துப் படம் பிடிக்கிற சுவரோரம் போட்டு உட்கார்ந்தான். சுவரில் காகிதப் பூ மாலைகள் தொங்கின. காமிராவைக் காட்டினான்.

“அத்தான், வேணாம்” என்றாள் கீனா. சற்று முன் அறைந்தவள் அவள்தான். “உள்ள போட்டுடுவாங்க. உங்களுக்கு அங்க யாரு பேசுவா?”

அவன் காமிராவைத்தான் காட்டினான்.

பிராப்தோ காகிதப் பூக்களைக் கழற்றினான். சாவகாசமாக வெளிச்சம் வைக்கிறவன், அன்றைக்குக் காமிராவின் மூடியைக் கழற்றாமலேயே ஓடவிட்டு, கீனா சொன்ன பிறகுதான் கழற்றினான். மில்காரர்கள் இனி இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வழியே போகட்டும் என்று விட்டுவிட்டான். கஸ்மூரி பேசினான். சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டினான். சாவியைத் திருகினான். முதுகைக் காட்டினான். கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

எடுத்த படத்தைக் கணினியில் ஏற்றி, கீனா சொல்லச் சொல்ல பிராப்தோ வரிகளை அடித்தான். பட்டை போடவில்லை. எழுத்தைத் தலைக்கு மேலே, வெறும் சுவர் தெரிகிற இடத்தில் வைத்தான். இவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. அன்றைக்கும் தலைக்கு மேலே வெறும் சுவர்தான் இருந்தது.

‘பின் கதவை நான்தான் பூட்டினேன். மேஸ்திரி பூட்டச் சொன்னார். என் மனைவி துமிரா பூட்டவில்லை.’

“இதையும் போடுங்கண்ணே” என்றாள் கீனா. “‘எனக்குக் காது கேட்காததால் அவர்கள் கதவை இடித்தது தெரியவில்லை.’”

பிராப்தோ அடித்தான். கஸ்மூரி பள்ளிக்கூடத்தில் நான்கு வகுப்பு படித்தவன். திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தான். கடைசி வரியில் விரல் நின்றது. அதன்மேல் குறுக்கே கோடு கிழித்தான்.

“அது உண்மைதானே அத்தான்? நீங்க கைல காட்டினதுதானே?”

அவன் தலையை ஆட்டினான். கையால் ஏதோ சொன்னான்.  பிராப்தோ அவளைப் பார்த்தான்.

“அது அவ எனக்காகச் சொன்னதுன்றாரு. நானே எனக்குச் சொல்லிக்க முடியாதாம்.”

பிராப்தோ அந்த வரியை அழித்தான். “பதிச்சுட்டா எடுக்க முடியாது. கேட்டுச் சொல்லும்மா, பதிக்கவா?”

அவள் கேட்டாள். கஸ்மூரி திரையில் இருந்த எழுத்தைக் காட்டி, இரண்டு கைகளையும் அகல விரித்தான்.

“இன்னும் பெரிசாப் போடச் சொல்றாரு.”

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு இருவரும் போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். பிராப்தோ ஊரில் உள்ள எல்லா போன்களுக்கும் அதை அனுப்பிப் பார்த்தான். பழையது ஓடின ஓட்டம் இது ஓடவில்லை. துப்பித் தீர்த்தவர்களுக்கு இதை அடுத்தவருக்கு அனுப்பக் கை வரவில்லை. பொண்டாட்டி பேரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்று சிலர் சொன்னார்கள். பழைய படத்தைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் வேறு சிலர், அதுதான் நல்ல தெளிவு என்று. ஆனால் மகளைக் கதவோரம் பறிகொடுத்த ஒருத்தி துமிராவின் கல்லறைக்குப் போய் ஒரு கூடை ரோஜா இதழைக் கொட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாளாம். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போனார்கள். கீனா இதைச் சொன்னபோது பிராப்தோவுக்கு நெஞ்சில் இருந்த பாரத்தில் ஒரு கை அளவு இறங்கியது.

விசாரணை நடந்த அன்று அவள் நேராக அவன் கடைக்குத்தான் வந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

“அத்தானை உள்ள வச்சுட்டாங்க.”

“மேஸ்திரியைக் கூப்பிட்டாங்களா?”

“கூப்பிட்டாங்க. சட்டையில மடிப்புக் கலையாம வந்து உட்கார்ந்தான். ‘பூட்டச் சொன்னியா?’ன்னாங்க.”

“என்ன சொன்னான்?”

கீனா தம்ளரை மேசைமேல் வைத்தாள்.

“‘நான் எப்படிங்க சொல்லியிருக்க முடியும்? அவனுக்குத்தான் காது கேக்காதே’ன்னான். அங்க இருந்தவங்க சிரிச்சாங்க. சிரிச்சுட்டு எழுதிக்கிட்டாங்க அண்ணே. ஒரு எழுத்து விடாம எழுதிக்கிட்டாங்க.”